தீட்டு என்னும் ஒரே சொல்: மாதவிடாயும் நம் உடலறிவும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாபாசாகேப் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு எங்களை அழைத்தபோது தலைப்பு என்ன என்று கேட்டார்கள். மாதவிடாய் என்றோம். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு மூத்த தோழர், "நல்ல விஷயந்தாம்மா, ஆனா இதை மகளிர் கூட்டத்துல வச்சுக்கலாமே" என்றார். அவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மகளிர் கூட்டத்தில் மட்டுமே பேச வேண்டியது என்று நாம் ஒதுக்கிவைத்த விஷயங்களில்தான் சாதி பத்திரமாக ஒளிந்திருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். அதனால்தான் இந்த மேடையிலேயே பேசுவது என்று முடிவு செய்தோம்.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருவர் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மூவரும் சேரியில் பிறந்து வளர்ந்தவர்கள். சில ஆண்டுகளாகச் சேரிகளிலும் மாணவியர் விடுதிகளிலும் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பேசி வருகிறோம். அந்தப் பேச்சுகளில் கற்றுக்கொண்டதை மூவரும் சேர்ந்து எழுதி இங்கே வாசிக்கிறோம்.

சொற்களிலிருந்து தொடங்குவோம்

நம் வீடுகளில் இதற்கு என்னென்ன பெயர்கள்? தூரம். வீட்டுக்குத் தூரம். விலக்கு. தீட்டு. ஒதுங்கியிருக்கா. மூணு நாளு. எல்லாச் சொல்லும் ஒரு பெண்ணை எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. அவள் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை எதுவும் சொல்வதில்லை. மாதவிடாய் என்ற சொல் மட்டும் கொஞ்சம் வேறு. விடாய் என்றால் தாகம், களைப்பு என்று பொருள் உண்டு. பெண்ணின் களைப்பைப் பார்க்கிற ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது மேடைக்கும் மருத்துவமனைக்கும் போய்விட்டது. வீட்டில் தீட்டுதான் தங்கியிருக்கிறது.

தீட்டு என்ற சொல்லைத் தலித்துகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நம் பாட்டன்மார் தெருவில் நடந்தால் தீட்டு. குளத்தைத் தொட்டால் தீட்டு. டீக்கடைக் கிளாஸைத் தொட்டால் தீட்டு. அதே சொல்தான் நம் வீட்டுப் பெண் பிள்ளை மீதும் மாதாமாதம் விழுகிறது. இது தற்செயலாக நடந்ததல்ல.

மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம், 85ஆம் சுலோகத்தை எடுத்துப் பாருங்கள். யாரையெல்லாம் தொட்டால் குளித்துச் சுத்தமாக வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. சண்டாளர், மாதவிடாயில் இருக்கும் பெண், விலக்கிவைக்கப்பட்டவர், பிள்ளை பெற்ற பெண், பிணம், பிணத்தைத் தொட்டவர். சண்டாளரும் மாதவிடாய்ப் பெண்ணும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். அதற்கும் முந்தைய தைத்திரீய சம்ஹிதையில் ஒரு கதை. துவஷ்டாவின் மகனைக் கொன்ற இந்திரனுக்குப் பிரம்மஹத்திப் பாவம் வருகிறது. அவன் அதை மூன்று பங்காக்கி நிலத்துக்கும் மரங்களுக்கும் பெண்களுக்கும் கொடுத்துவிட்டுத் தப்பிக்கிறான். பெண்களுக்கு வந்த பங்குதான் மாதவிடாயாம். கொலை செய்தது ஒருவன், அதைச் சுமப்பது பெண். இந்தக் கணக்கு நமக்குப் பழக்கமானதுதான்.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் பாபாசாகேபின் தலைமையில் கூடியவர்கள் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அன்று எரிந்த தாள்களில் இந்த 85ஆம் சுலோகமும் ஒன்று. அதை எரித்த மரபில் வந்த நம் வீடுகளில் அந்தச் சுலோகம் இன்னும் நடைமுறையில் இருந்தால், நாம் பாதியைத்தான் எரித்திருக்கிறோம் என்று பொருள்.

ஒரே சொல், இரண்டு காயங்கள்

இங்கே கவனமாக இருக்க வேண்டும். 2018 செப்டம்பர் 28 அன்று சபரிமலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி சந்திரசூட் தனியே எழுதிய தீர்ப்பில், மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவம்தான், அது அரசமைப்பின் 17ஆவது பிரிவுக்கு எதிரானது என்றார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இந்து மல்கோத்ரா, 17ஆவது பிரிவு சாதித் தீண்டாமையைப் பற்றியது, அதை இதற்குப் பொருத்த முடியாது என்றார்.

நம் தோழர்களிடையிலும் இந்த விவாதம் வந்தது. எல்லாவற்றையும் தீண்டாமை என்று சொல்லிவிட்டால் நம் காயத்தின் கூர்மை மழுங்கிவிடாதா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மேல்சாதிப் பெண்ணின் மாதவிடாய்த் தீட்டு மூன்று நாளில், ஐந்து நாளில் தலைக்குக் குளித்தால் போய்விடும். தலித்தின் தீட்டு எந்தத் தண்ணீரில் குளித்தாலும் போனதில்லை. இரண்டும் ஒரே கிடங்கிலிருந்து வந்த சரக்கு. ஆனால் இரண்டின் எடை ஒன்றல்ல.

எங்களில் ஒருவருடைய அம்மா நடவுக்குப் போனவர். ஊர்க் கிணற்றில் அவர் கை படக்கூடாது. மேலேயிருந்து ஊற்றுவார்கள், குனிந்து குடிக்க வேண்டும். தூரமான நாட்களில் வீட்டுக்கு வந்தால் மாமியார் தண்ணீர்ப் பானையைத் தொட விடமாட்டார். அங்கேயும் யாராவது ஊற்ற வேண்டும். ஊர்க் கிணற்றில் எல்லா நாளும் தீட்டு, வீட்டுப் பானையில் மூன்று நாள் தீட்டு. ஆனால் அந்த மூன்று நாளும் பண்ணையாரின் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று நாற்று நட்டால் அது தீட்டில்லை. அவர் நட்ட நெல்லும் தீட்டில்லை. உழைப்பு வேண்டும் என்கிற இடத்தில் மட்டும் தீட்டு ஓய்வெடுத்துக்கொள்ளும். தலித் பெண்ணுக்கு இரண்டு தீட்டும் உண்டு, ஒதுக்கத்தோடு கிடைக்கிற ஓய்வு மட்டும் கிடையாது.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் வயதுக்கு வந்த, எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு தலித் மாணவியை, பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுதச் சொன்னார்கள். அவள் தாயார் கைபேசியில் எடுத்த காட்சியில் அந்தப் பிள்ளை படியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு தீட்டும் ஒரே பிள்ளை மேல், ஒரே படிக்கட்டில் விழுந்ததை நாடே பார்த்தது.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும்

வெளியே விரல் நீட்டுவது எளிது. நம் வீட்டில் பெண் வயதுக்கு வந்தால் என்ன செய்கிறோம்? தாய்மாமன் தென்னங்கீற்றில் குச்சு கட்டுகிறார். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுக்கிறோம். அது நல்லதுதான், வளரும் பிள்ளைக்கு ஊட்டம் வேண்டும். ஆனால் தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை எதற்கு? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அப்படித் தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். புயல் வருகிறது என்று அறிவித்திருந்தார்கள். வீட்டுக்குள் இடம் இருந்திருக்கும். தீட்டு இடம் கொடுக்கவில்லை.

இன்னொரு கேள்வி இன்னும் கசப்பானது. நம் தீட்டுத் துணியை யார் துவைத்தார்கள்? பட்டியல் சாதிகளுக்குத் துணி வெளுத்தவர்கள் புதிரை வண்ணார்கள். பிள்ளை பெற்ற வீட்டுத் துணியும் மாதவிடாய்த் துணியும் சாவு வீட்டுத் துணியும் அவர்கள் கைக்குத்தான் போயின. அந்தச் சமூகத்துப் பெண்ணின் வாழ்க்கையை இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் நம் முன்னால் வைத்தபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று இன்றாவது யோசிக்கலாம். ஊர் நம் மேல் எறிந்த தீட்டை நாம் நமக்குக் கீழே ஒருவரைத் தேடி எறிந்தோம். பாபாசாகேப் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை என்பது இதுதான்.

இன்று துணி குறைந்து நாப்கின் வந்துவிட்டது. பயன்படுத்திய நாப்கின் எங்கே போகிறது? குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அங்கே அதைப் பிரித்தெடுக்கும் கை யாருடையது? பெரும்பாலும் நம் மக்களுடைய கை, கையுறை இல்லாத கை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், நாப்கினைப் பாதுகாப்பாகச் சுற்றித்தான் போட வேண்டும், அதற்கான உறையைத் தயாரிப்பாளர்கள் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை பேர் அந்த உறையைப் பார்த்திருக்கிறோம்? வண்ணாத்தியின் கூடையிலிருந்து தூய்மைப் பணியாளரின் தள்ளுவண்டிக்குத் தீட்டு இடம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

உடலுக்குள் நடப்பது என்ன

தீட்டு இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம், அந்த இடத்தில் வைப்பதற்கு நம்மிடம் அறிவு இல்லாமல் போனது. பாடப்புத்தகத்தில் பாடம் இருக்கிறது. "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். வீட்டில் யார் சொல்வார்கள்? ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆண்களும் கேளுங்கள்.

ரத்தப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாள் என்று எண்ண வேண்டும். அதிலிருந்து அடுத்த ரத்தப்போக்குக்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி. சராசரி 28 நாள் என்பார்கள். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இயல்புதான். வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் முறையில்லாமல் வருவதும் இயல்பு.

சுழற்சியின் முதல் பாதியில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலால் சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிர்கிறது. அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கருப்பையின் உள்சுவரைத் தடிமனாக்குகிறது. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவருகிறது. அதன் பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுகிறது. கரு வந்தால் தங்குவதற்கு அந்த உள்சுவரைத் தயார் செய்வது அதன் வேலை. கரு தங்கவில்லை என்றால் இரண்டு ஹார்மோன்களும் சட்டென்று இறங்குகின்றன. உள்சுவர் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியேறுகிறது. இதுதான் மாதவிடாய்.

இதில் கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை. உடலில் ஓடும் அதே ரத்தமும், குழந்தைக்காகப் போட்ட மெத்தையும்தான் அது. நாம் ஒவ்வொருவரும் பத்து மாதம் படுத்திருந்தது அந்த மெத்தைமேல்தான். ஒரு மாதவிடாயில் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். உதிர்ந்ததை வெளியே தள்ளக் கருப்பை சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை உண்டாக்கும் பொருளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர். அது அதிகமாகச் சுரந்தால் வலி அதிகம். வலிக்கிறது என்று சொல்கிற பெண் நடிக்கவில்லை. அந்தச் சுரப்பைக் குறைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

அதற்கு முந்தைய நாட்கள்

மாதவிடாய் வந்த பிறகு என்ன ஆகும் என்பதையாவது பாட்டி கொஞ்சம் சொல்லியிருப்பார். வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

கருமுட்டை வெளிவந்த பிறகு, குறிப்பாகக் கடைசி ஒரு வாரத்தில், பல பெண்களுக்கு மார்பு கனத்து வலிக்கும். வயிறு உப்பும். தலைவலி, கால் கடுப்பு, தூக்கமின்மை வரும். இனிப்பின் மேல் ஆசை வரும். சின்னச் சொல்லுக்கு அழுகை வரும், எரிச்சல் வரும். மாதவிடாய் தொடங்கி ஓரிரு நாளில் இவை வடிந்துவிடும். அடுத்த மாதம் அதே நாட்களில் திரும்பும். இதை மாதவிடாய்க்கு முந்தைய அறிகுறிகள் என்கிறார்கள். 1931இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் இதைப் பற்றி எழுதினார். 1953இல் இங்கிலாந்தில் ரேமண்ட் கிரீன், கத்தரினா டால்டன் ஆகியோர் இன்று வழங்கும் பெயரைக் கொடுத்தார்கள். இந்தப் பெண்களுக்கு ஹார்மோன் அளவு தவறாக இருப்பதில்லை. எல்லாருக்கும் ஏறி இறங்குவது போலத்தான் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சிலருடைய மூளை அதிகமாக உணர்கிறது. மனநிலையைச் சீராக வைக்கிற செரடோனின் போன்ற பொருள்களின் வேலையும் அப்போது மாறுகிறது.

நூற்றில் மூன்று முதல் எட்டுப் பேர் வரை இது மிகக் கடுமையாக இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு விடுதி மாணவி. மாதத்தில் நாலைந்து நாள் யாரோடும் பேசமாட்டாள், சாப்பிடமாட்டாள், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று அழுவாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்துக்கொண்டு வகுப்புக்குப் போவாள். ஊருக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். புளியமரத்தடியில் பயந்திருக்கிறாள் என்றார்கள். இரண்டு முறை படிப்பை விடப் பார்த்தாள். ஒரு நாள்காட்டியைக் கொடுத்து, அழுகை வரும் நாளையும் ரத்தம் வரும் நாளையும் குறித்துவரச் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து அவளே கொண்டுவந்து காட்டினாள். "அக்கா, இது வர்றதுக்கு ஆறு நாள் முன்னாடி ஆரம்பிக்குது, வந்த மறுநாள் போயிடுது." அந்த நாள்காட்டியோடு அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் போனோம். சிகிச்சை தொடங்கியது. இப்போது இறுதியாண்டு படிக்கிறாள். அவளைப் பிடித்திருந்தது பேய் இல்லை. அவளுக்குத் தேவைப்பட்டது மருத்துவமும், தன் உடலைப் பற்றி ஒரு சொல்லும்தான். இப்படிப்பட்ட எண்ணம் உங்களுக்கோ தோழிக்கோ வந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனை அது.

இப்போது இன்னொரு சம்பவம். நூறு நாள் வேலை நடக்கும் இடம். அளவு எடுத்தபோது குழியைக் குறைத்துக் கணக்குப் போட்டார்கள். நம் அக்கா ஒருவர் எழுந்து கேட்டார். கணக்கெழுதியவர் சிரித்துக்கொண்டே, "என்னக்கா இவ்வளவு சூடு, இன்னிக்கு அந்த நாளா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெண்களும்தான். அக்கா உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அது அந்த நாளும் இல்லை, அதற்கு முந்தைய நாளும் இல்லை. மாதவிடாய் நின்றே நாலு வருடம் ஆகிறது. குழியின் அளவு குறைவாக எழுதப்பட்டது மட்டும் உண்மை.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில்தான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. மாணவியிடம் அவள் உடல் மறைக்கப்பட்டது. அக்காவிடம் அவர் உடலே அவருக்கு எதிரான சாட்சியாக்கப்பட்டது. சேரிப் பொம்பளைக்கு வாய் அதிகம் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. இனி அதற்கு ஹார்மோன் என்று ஒரு விஞ்ஞானப் பெயரையும் சூட்டிவிடுவார்கள். அதற்குப் பயந்து, முந்தைய நாட்களின் வேதனையே இல்லை என்று சொல்லிவிட வேண்டுமா? அப்படிச் சொன்னால் அந்த மாணவியைக் கைவிட்டவர்கள் ஆவோம்.

வழி அந்த நாள்காட்டியில் இருக்கிறது. இரண்டு மாதம் தொடர்ந்து குறித்துவையுங்கள். எரிச்சலும் அழுகையும் அந்த ஒரு வாரத்தில் மட்டும் வந்து போனால் அது சுழற்சியைச் சேர்ந்தது, அதற்கு மருத்துவம் உண்டு. மாதம் முழுக்க இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். அது மனச்சோர்வாக இருக்கலாம். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனாகவும் இருக்கலாம். குறைத்துக் கொடுத்த கூலியாகவும் இருக்கலாம். இன்னொன்று. அந்த வாரத்தில் கோபம் கூடுதலாக வரலாம். அதனால் கோபத்தின் காரணம் பொய்யாகிவிடாது. மற்ற மூன்று வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததை அந்த வாரத்தில் பொறுக்க முடியாமல் போவதும் உண்டு.

களைப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நூறு பெண்களில் ஐம்பத்து மூன்று பேர் ரத்தம் போதாமல் வேலைக்குப் போகிறார்கள். அது மாதம் முழுக்க இருக்கும் களைப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். புத்தகங்களில் முந்தைய நாட்களுக்கு உடற்பயிற்சி செய்யுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று எழுதியிருக்கும். கல்லூரி மாணவிகளுக்கு அது சரி. காலையிலிருந்து குனிந்து களையெடுக்கிறவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். அவருக்கு வேண்டியது ஓய்வு. கால்சியம் சிலருக்கு இந்த அறிகுறிகளைக் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம் பழைய கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் கருவாடும் முருங்கைக் கீரையும் கால்சியம் நிறைந்தவை. ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்டு நாம் விட்டவை அவை.

ஓய்வு யாருக்கு

மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019இல் மாநில அரசு ஒரு குழு அமைத்து விசாரித்தது. 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கருப்பையை எடுத்திருந்தார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்ததாரர் அபராதம் பிடிப்பார். வயலில் கழிப்பறை கிடையாது, குளிக்க இடம் கிடையாது. தொற்று வந்து போனால், அறுவைதான் வழி என்று சொல்ல ஒரு மருத்துவர் இருப்பார். முப்பது வயதிலேயே கருப்பை இல்லாமல் கரும்பு வெட்டுகிறார்கள். அவர்களில் தலித்துகளும் நாடோடிச் சமூகத்தவரும் நிறைய. தமிழ்நாட்டிலும் ஆடை ஆலைகளில், மாதவிடாய் வலிக்குப் பெயர் எழுதாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே கொடுத்துவந்ததைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளியிட்டது. மெஷின் நிற்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்த மாத்திரை அது.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது பாபாசாகேப் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் செலவில் பெரும் பங்கை அரசு ஏற்க வேண்டும், அந்தப் பெண்ணின் உழைப்பில் லாபம் எடுக்கிற முதலாளியும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பெண் உடலின் ஓய்வைக் கருணையாகக் கேட்காமல் உரிமையாகக் கேட்டார். பீகாரில் 1992 முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு உண்டு. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக்கு ஒப்புதல் தந்தது. வரவேற்கிறோம். ஆனால் நாற்று நடுகிறவருக்கும் சூளையில் கல் அறுக்கிறவருக்கும் தெரு கூட்டுகிறவருக்கும் இதை யார் கொடுப்பது? அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் இந்த அரங்கில் இருப்பவர்கள்தான்.

செய்யக்கூடியவை

நீண்ட திட்டம் எதுவும் நாங்கள் வைக்கவில்லை. நாளைக்கே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

மாணவிகள் ஒவ்வொருவரும் நாள்காட்டியில் குறிக்கத் தொடங்குங்கள். ஏழெட்டு நாளுக்கு மேல் ரத்தம் போனால், ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் நனைந்தால், பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி வந்தால், இடைப்பட்ட நாளில் ரத்தம் வந்தால், வலியால் வகுப்புக்கே போக முடியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். கருப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

களப்பணியாளர்கள் உங்கள் பகுதிப் பள்ளியிலும் விடுதியிலும் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். புதுயுகம் திட்டத்தின் இலவச நாப்கின் பிள்ளைகள் கைக்கு வருகிறதா என்று கேளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் மறைப்பும் நிழலும் கேளுங்கள். பயன்படுத்திய நாப்கினைத் தாளில் சுற்றிக் குறியிட்டுத் தனியே கொடுங்கள். அதை எடுப்பவர் நம் அக்காவோ அண்ணனோதான்.

ஆண் தோழர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் தனித் தட்டு இருந்தால் அதை எடுத்து மற்ற தட்டுகளோடு அடுக்குங்கள். கூட்டத்தில் ஒரு பெண் கோபமாகப் பேசினால், எந்த நாள் என்று யோசிக்காமல் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

நடவுக்குப் போன அந்த அம்மா இன்று இல்லை. கடைசிக் காலத்தில் பேத்தி வயதுக்கு வந்தபோது குச்சு கட்ட வேண்டாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். "நான் ஒதுங்கி நின்னதெல்லாம் போதும், புள்ள உள்ள படுக்கட்டும்" என்றார். தண்ணீர்ப் பானையிலிருந்து அந்தப் பிள்ளையே மொண்டு பாட்டிக்குக் கொடுத்தாள். மகாத்தில் பாபாசாகேப் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்ததைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தப் பானையும் நினைவுக்கு வரும்.